துருவைத் தின்ற கறுப்புக் கலர்

என் மொபெட் சைலன்ஸரில் என் முகத்தை நானே பார்த்த சாயங்காலம் அது. சும்மா சொல்லவில்லை. நெற்றியில் கோணலாகிப் போயிருந்த பொட்டுகூடத் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் முருகேசனுக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் டூவீலர் ஒர்க்‌ஷாப். இரண்டு வண்டி உள்ளே நின்றால் மூன்றாவது வண்டி ரோட்டில்தான் நிற்க வேண்டும். நான் தல்லாகுளத்தில், கோர்ட்டுக்குப் பக்கத்தில், ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். போக வர மொபெட்தான். வெயிலிலும் மழையிலும் நின்று நின்று அதன் சைலன்ஸர் முழுக்கத் துரு ஏறி, சொறி பிடித்த மாதிரி கிடந்தது. மெக்கானிக் பெண்டாட்டி வண்டிதான் மதுரையிலேயே கேவலமான வண்டி என்று ஆபீஸில் எல்லாரும் கேலி பேசுவார்கள்.

“ஊரான் வண்டியெல்லாம் மினுமினுன்னு போகுது. நான் மட்டும் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட எடுத்துட்டுப் போற மாதிரில்ல போறேன்?” என்று கடைக்கே போய்ச் சண்டை போட்டேன்.

மனுஷன் பரோட்டா பார்சல் கட்டி வருகிற வெள்ளித் தாளை ஒரு துண்டு கிழித்தார். ஸ்டூல்மேல் பாதி குடித்த கறுப்புக் கலர் பாட்டில் இருந்தது. ஒரு பழந்துணியை அதில் நனைத்து, ஆறிப்போயிருந்த சைலன்ஸரைச் சுற்றிப் போட்டார். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். நான் டீயைக் குடித்து முடித்ததும் துணியை எடுத்துவிட்டு, அந்தத் தாளைச் சுருட்டிக் கலரில் முக்கித் தேய்க்க ஆரம்பித்தார்.

பழுப்பு நிறத்தில் சேறு சேறாகக் கழன்று வந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கடைசியாக எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்தார்.

ஆத்தாடி! வண்டி வாங்கிய அன்றைக்குப் பார்த்த சைலன்ஸர் அது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எத்தனையோ மழைக்காலம் உட்கார்ந்து சேர்த்த துருவை, பெட்டிக்கடையில் தொங்குகிற ஒரு பாட்டில் தண்ணீர் டீ குடிக்கிற நேரத்தில் தின்றுவிட்டது.

நான் அப்படியே மலைத்துப்போய் நிற்கையில் அவர் பாட்டிலை எடுத்தார். மிச்சம் இருந்ததை அண்ணாந்து கடகடவென்று குடித்தார்.

“என்னங்க! துரு எடுத்ததை வாயில ஊத்துறீங்க?”

“உள்ள இருக்க துருவும் போகட்டும்டி செல்வி” என்று சொல்லிப் பெரிதாக ஒரு ஏப்பம் விட்டார்.

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சிரிப்பு வரவில்லை. இரும்பை இப்படிச் செய்கிறது, குடலை என்ன செய்யுமோ என்று மனசு அடித்துக்கொண்டது. “அதைக் குடிக்காதீங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அந்த ஒரு வார்த்தையை மட்டும் என்னால் சொல்ல முடியாது. ஏன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஒரு வாய் கலராச்சும் குடிங்க

வெளியூர்க்காரர்கள் கூல் டிரிங்ஸ் என்பார்கள். எங்களுக்கு அது கலர். ஆரஞ்சுக் கலர், பச்சைக் கலர், கறுப்புக் கலர். எங்கள் பக்கம் வீட்டுக்கு யாராவது வந்துவிட்டால், அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் கடைக்கு ஆள் ஓடும். டம்ளரில் ஊற்றி நுரையோடு நீட்டினால்தான் வந்தவர்களை மதித்ததாக அர்த்தம்.

என் தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க நானும் இவரும் கீழக்குயில்குடிப் பக்கம் போனோம். அது இவருடைய சொந்த பந்தங்கள் இருக்கிற ஊர். ஊரை ஒட்டிய சமணர் மலையில் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று காலையிலேயே கிளம்பினோம். முதல் வீட்டில் ஆரஞ்சு, அடுத்த வீட்டில் பச்சை, அதற்கடுத்த வீட்டில் கறுப்பு. வேண்டாம் என்று சொல்லவே முடியாது.

“ஏன்த்தா, எங்க வீட்டுல ஒரு வாய் கலர்கூட குடிக்க மாட்டீகளா? அம்புட்டுப் பெரிய ஆளாயிட்டீகளா?” என்று முகத்தைத் தூக்கிவிடுவார்கள்.

மத்தியானத்துக்குள் என் வயிறு பானையாக உப்பிவிட்டது. ஒரு பெரியவர் முன்னால் பத்திரிகைத் தட்டை நீட்டி, “அவசியம் வரணும் மாமா” என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தைக்குப் பதில் ஏப்பம்தான் வந்தது. அதுவும் சாதாரண ஏப்பம் இல்லை. பக்கத்தில் மேய்ந்த கோழி ஓடிப்போனது. இன்றைக்கும் அந்த மாமா என்னை எங்கே பார்த்தாலும், “ஆத்தா, கலர் சொல்லவா?” என்றுதான் கேட்பார்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. ஒருத்தர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க யோசிக்கிற ஆட்களைச் சின்ன வயசில் நான் பார்த்திருக்கிறேன். ஏன் யோசிக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதே ஆட்கள் அதே வீட்டில் கலர் கொடுத்தால் குடித்துவிடுவார்கள். மூடி போட்டுக் கடையிலிருந்து வந்ததற்குத் தீட்டு இல்லையாம். மனுஷன் உருவாக்கிய எத்தனை கேவலத்தை இந்த மூடி போட்ட பாட்டில் தாண்டிப் போயிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இப்பவும் ஆச்சரியம்தான்.

ஆறு மணி

என் வீட்டுக்காரர் குடித்துக்கொண்டிருந்தவர். இந்தத் தொடரில் இதுவரை நான் அதை எழுதவில்லை. இந்த வாரம் எழுதட்டுமா என்று அவரிடமே கேட்டேன். “எழுது. நாலு பேரு படிச்சா நல்லதுதான்” என்றார்.

சாயங்காலம் ஆறு மணி ஆனால் கை நடுங்க ஆரம்பிக்கும். ஸ்பேனரைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். பிராந்தியும் சோடாவும். அடிதடி, சண்டை எதுவும் கிடையாது. வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அந்த வாடை வீடு முழுக்க இருக்கும். எங்கள் மகள் கயல் துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டுதான் படிப்பாள்.

நான் பேசாத பேச்சு இல்லை, போகாத கோயில் இல்லை. எதற்கும் அசையாத மனுஷன் ஒரே ஒரு நட்டுக்கு அசைந்தார்.

ஒருநாள் ஒரு வாத்தியார் வண்டியைத் தள்ளிக்கொண்டே கடைக்கு வந்தார். முன்னால் டேங்க்மேல் அவருடைய சின்னப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் இவர்தான் அந்த வண்டிக்கு பிரேக் வேலை பார்த்திருக்கிறார். ஆறு மணி அவசரத்தில் நட்டை மாட்டியவர் முறுக்க மறந்திருக்கிறார். வாத்தியாருக்குக் கோபம்கூட இல்லை. “என்னண்ணே, பிரேக்கு பிடிக்கவே மாட்டேங்குது, பாருங்க” என்றாராம். அந்தப் பிள்ளை இவரைப் பார்த்துச் சிரித்ததாம்.

அன்றைக்கு நேராக வீட்டுக்கு வந்தார். சாப்பிடவில்லை. என்னையும் கயலையும் உட்கார வைத்தார்.

“இனிமே இல்ல” என்றார்.

இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“நீ நம்ப வேணாம் செல்வி. நான் சொன்னா நம்பாத. தினமும் வாசல்ல நின்னு ஊதுறேன். நீ மோந்து பாரு. மோந்து பார்த்துட்டு உள்ள விடு.”

மறுநாள் நிஜமாகவே வாசலில் வந்து நின்றார். ரோட்டில் போலீஸ்காரர் முன்னால் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, “ஊதவா?” என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊதினார். பிராந்தி இல்லை.

அதற்கு அடுத்த நாளும் ஊதினார். தீபாவளிக்கு ஊதினார். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் அழகரைப் பார்த்துவிட்டுச் சட்டை நனைந்து வந்தபோதும் ஊதினார். அவருடைய அப்பாவை எரித்துவிட்டு வந்த அன்றைக்கு, ஊரே துக்கத்தைச் சாக்கு வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. தலை ஈரத்தோடு என் முன்னால் வந்து நின்று ஊதினார். அன்றைக்கு நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். வருஷக்கணக்கில் ஒருத்தரால் இப்படி நிற்க முடியுமா என்று நான் இன்னமும் மலைத்துப்போகிறேன்.

ஆனால் அந்த ஆறு மணி மட்டும் எங்கும் போகவில்லை. கை ஒரு பாட்டிலைத் தேடும். சோடா குடிக்கலாம் என்றால், சோடாவைப் பார்த்தாலே பிராந்தி ஞாபகம் வருகிறது என்றார். அப்போது கையில் வந்து உட்கார்ந்ததுதான் கறுப்புக் கலர். கசப்பும் இல்லாமல், தித்திப்பு மட்டுமாகவும் இல்லாமல், தொண்டையைச் சுரீரென்று பிடித்து இழுக்கும். “அந்த இழுப்பு போதும்டி” என்பார். தினமும் ஆறு மணிக்கு ஒரு பெரிய பாட்டில். ஞாயிற்றுக்கிழமை அதற்கு மேலும் போகும்.

இப்போது சொல்லுங்கள். அந்தப் பாட்டிலைக் குடிக்காதே என்று நான் எந்த வாயால் சொல்ல? அதைப் பிடுங்கினால் அந்தக் கை வேறு எதைப் போய்ப் பிடிக்கும்?

எறும்பு ஊர்வலம்

குடிக்காதே என்று சொல்ல முடியாத எரிச்சலை எல்லாம் நான் வீட்டைச் சுத்தம் செய்வதில் காட்டினேன். சைலன்ஸருக்குச் செய்தது வேறு எதற்கெல்லாம் செய்யும் என்று பார்க்கிற வேகம் வந்துவிட்டது.

எங்கள் வீட்டு போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அம்புட்டு உப்பு. குழாய் மூக்கில் வெள்ளைப் பாறையாகக் கட்டிக்கொள்ளும். கக்கூஸ் பேசினில் தண்ணீர் இறங்குகிற வழியெல்லாம் மஞ்சள் கோடு. ஆசிட் ஊற்றினால் நெஞ்சு அடைத்துக்கொண்டு இருமல் வரும். ஒருநாள் இவர் மிச்சம் வைத்த கலரை பேசின் ஓரமாகச் சுற்றி ஊற்றிவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பிரஷ்ஷால் தேய்த்தால், மஞ்சள் கோடு நழுவிக்கொண்டு போகிறது! குழாய் மூக்கில் கலர் நனைத்த துணியைக் கட்டிவிட்டால் உப்புப் பாறை மாவாக உதிர்ந்தது. அடிப்பிடித்த குக்கரில் கொஞ்சம் ஊற்றிக் கொதிக்கவிட்டேன். கருகல் பெயர்ந்து வந்தது. யாத்தே, இது என்ன மாயத் தண்ணியா என்று ஆகிவிட்டது எனக்கு.

அடுத்த வீட்டு அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து கக்கூஸைக் காட்டினேன். நகை வாங்கினால்கூட இம்புட்டுப் பெருமையாகக் காட்டியிருக்க மாட்டேன்.

பெருமை மறுநாள் காலையில் போய்விட்டது. நான் தண்ணீர் ஊற்றிச் சரியாகக் கழுவவில்லை. அதில் இருக்கிற சர்க்கரைக்கு ஊரில் உள்ள எறும்பெல்லாம் வந்துவிட்டன. வாசலிலிருந்து கக்கூஸ் வரைக்கும் கட்டெறும்பு வரிசை கட்டிப் போகிறது. கயல் உள்ளே போன வேகத்தில் அலறிக்கொண்டு வெளியே வந்தாள்.

“அம்மா, உன் ஆராய்ச்சியில என்னைக் கொன்னுறாத!” என்றாள். கல்லூரியில் கெமிஸ்ட்ரி படிக்கிற பிள்ளை. “அதுல இருக்கதும் ஆசிட்டுதாம்மா, லேசான ஆசிட்டு. உன் குழாயில இருக்க உப்பைக் கரைக்குது. ஆனா ஒண்ணு, இதோட பிளீச்சிங் பவுடர் கிளீச்சிங் பவுடர்னு எதையும் சேர்த்துக் கொட்டிறாத. அதுல கெளம்புற புகை நெஞ்சைப் பிடிச்சிரும்.”

எறும்புகளைக் கூட்டித் தள்ளும்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியில் கிடந்த ஒரு வாய்க் கலருக்கு இத்தனை எறும்பு. இவர் உடம்புக்குள் போகிற சர்க்கரை எம்புட்டு?

ஐஸ் தண்ணீர்

முதலில் வந்தது நெஞ்செரிச்சல். படுத்தால் புளித்துக்கொண்டு மேலே வருகிறது என்று இரண்டு தலையணை வைத்துப் படுத்தார். அப்புறம் ஒருநாள் வெயிலில் வந்தவருக்கு பிரிட்ஜ் தண்ணீர் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தவர் டம்ளரைப் போட்டுவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

“கரண்டு அடிச்ச மாதிரி இருக்குடி.”

டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்பல் ஓரமெல்லாம் தேய்ந்து, கண்ணாடி மாதிரி மெலிந்து போயிருந்தன. ஈறுக்குப் பக்கத்தில் அரத்தால் அராவியது போலக் கீறல். மேல்பூச்சு போய் உள்ளே மஞ்சள் தெரிந்தது. நாற்பத்தைந்துகூடத் தாண்டாத மனுஷனுக்குக் கிழவர் பல்.

சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில், கலரில் பல்லைப் போட்டால் ஒரே ராத்திரியில் கரைந்துவிடும் என்று ஒரு படம் சுற்றியது. “அம்புட்டு சீக்கிரம் கரையாதும்மா, அது சும்மா கிளப்பி விடுறது” என்றாள் கயல். கரையாது என்றால் இவருக்கு மட்டும் ஏன் இப்படி? இதே கலரை எத்தனையோ பேர் குடிக்கிறார்கள். அடுத்த கடை சேதுவும் இவருக்குச் சமமாகக் குடிப்பவர்தான். அவர் இன்னமும் கரும்பைக் கடித்து உரிக்கிறார்.

தேய்க்காம எப்படி வீட்டுக்குப் போறது

தல்லாகுளத்தில் எங்கள் ஆபீஸுக்கு இரண்டு கட்டிடம் தள்ளி ஒரு பல் டாக்டர். சின்ன வயசுப் பெண். விளக்கை இழுத்து வைத்து நிதானமாகப் பார்த்தார்.

“கலர் குடிப்பீங்களாண்ணே?”

“குடிப்பேன் மேடம்.”

“எப்பப் பல் தேய்ப்பீங்க?”

“காலையில ஒருக்கா. அப்புறம் சாயங்காலம் கலர் குடிச்சதும் ஒருக்கா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாயங்காலம் இவர் பல் தேய்க்கிறாரா? கடையிலா?

“குடிச்சு எவ்வளவு நேரம் கழிச்சு?”

“நேரமென்ன மேடம், குடிச்ச கையோட. நல்லா அழுத்தித் தேய்ப்பேன். வெறைப்பான பிரஷ்ஷு வாங்கி வச்சிருக்கேன்.”

டாக்டர் விளக்கைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தார். “அங்கதாண்ணே தப்பு நடந்திருக்கு. கலர்ல இருக்கிற ஆசிட் பல்லோட மேல்பூச்சைக் கொஞ்ச நேரம் இளக்கி வைக்கும். அப்படியே விட்டா எச்சில் பட்டு அது ஓரளவு இறுகிக்கும். இளகியிருக்கும்போதே வெறைப்பான பிரஷ்ஷைப் போட்டா பூச்சு கையோட வந்துரும். போனது இனிமே வளராது. பள்ளத்தை அடைச்சு விடுறேன். கலரை விட்டுட்டா ரொம்ப நல்லது. என்னைக்காவது குடிச்சாலும் வெறும் தண்ணில வாயைக் கொப்புளிங்க. ஒரு மணி நேரம் போகாம பிரஷ்ஷைத் தொடாதீங்க. அப்படியே சுகரும் ஒருக்கா பார்த்துருங்க.”

கலரை விட வேண்டும் என்றதற்கு இவர் முகம் மாறவில்லை. பிரஷ்ஷைத் தொடாதே என்றதற்குத்தான் பதறிப்போனார்.

“தேய்க்காம எப்படிங்க வீட்டுக்குப் போறது?”

டாக்டருக்குப் புரியவில்லை. “ஏன்ணே, வீட்டுக்குப் போக எதுக்குப் பல்லு தேய்க்கணும்?”

இவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். “குடியை விட்ட புதுசுல, ஒருநாள் கலரைக் குடிச்சுட்டு அப்படியே போய் ஊதினேன் மேடம். ரம்முல கலரைக் கலந்து குடிச்ச வாடைன்னு நெனைச்சுட்டா போல. இவ மூஞ்சி அப்படியே வெளுத்துருச்சு. ஒண்ணும் சொல்லல, உள்ள விட்டுட்டா. ஆனா அந்த மூஞ்சிய நான் பார்த்துட்டேன். இன்னொருக்கா அதைப் பார்க்கக் கூடாதுன்னுதான் மறுநாள்ல இருந்து தேய்ச்சுட்டுப் போறேன்.”

எனக்கு அந்த நாள் ஞாபகத்திலேயே இல்லை. தினமும் வாசலில் பேஸ்ட் வாசனை அடிக்கும். கிரீஸ் கையைக் கழுவும்போது வாயையும் கொப்புளிப்பார்போல என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். என் முகம் ஒரு நிமிஷம் வெளுத்ததற்கு இந்த மனுஷன் வருஷக்கணக்கில் தன் பல்லை அராவியிருக்கிறார். டாக்டர் முன்னால் அழக் கூடாது என்று நான் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாடிப்படி இறங்கும்போது என்னால் அடக்க முடியவில்லை. படபடவென்று கொட்டிவிட்டேன்.

“டாக்டர் சொல்றது கெடக்கட்டும். நீங்க கலரைக் குடிங்க. பல்லு போனாப் போகுது, செட்டு கட்டிக்குவோம். நீங்க திரும்பி அங்க போயிட்டா எனக்கு வேற முருகேசன் கெடைக்க மாட்டாரு. இனிமே ஊதவும் வேணாம். நான் நம்புறேன். சத்தியமா நம்புறேன்.”

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மேலே ஏறி வந்த ஒருத்தர் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

“ஊற வச்சுத் தேய்ச்சிருக்கேன்டி” என்றார். “சைலன்ஸருக்கு என்ன செஞ்சேனோ அதையேதான் பல்லுக்கும் செஞ்சிருக்கேன். தெனம் இந்தக் கையாலதான அந்த வேலையைச் செய்யிறேன். மண்டைல ஏறல பாரு.”

எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டார்.

“கலரை விட்டுப் பார்க்குறேன். முடியுமா முடியாதான்னு தெரியல. ஆனா ஊதுறதை மட்டும் நிறுத்தச் சொல்லாத. வீட்டுக்குப் போய் உன் முன்னால நிக்கணுமேங்கிற ஒரு நெனைப்புலதான் நான் அந்தப் பிராந்திக் கடையைத் தாண்டி வாரேன்.”

வாசலில்

மறுநாள் ஆபீஸில் ஒரு மனுவில் ஒரே பத்தியை இரண்டு தடவை அடித்து வைத்தேன். ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். விளக்கேற்றினேன். ஆறு அடித்தது.

வழக்கமாக ஏழு மணிக்குள் வந்துவிடுவார். ஏழும் ஆனது. ஆரப்பாளையத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற வழியில் இருக்கிற ஒயின்ஷாப்புகளை மனசு ஒவ்வொன்றாக நின்று பார்த்துக்கொண்டு வந்தது. கயல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

“போன் போடும்மா.”

“வேணாம்.”

“ஏம்மா?”

“போட்டா, சந்தேகப்படுறேன்னு ஆயிரும்டி.”

சந்தேகம் இல்லை. பயம். அந்தக் கலர் பாட்டிலை நானே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா என்றுகூடச் செருப்பை மாட்டினேன். அப்போது சந்து முனையில் அவருடைய வண்டிச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு எந்தக் கூட்டத்திலும் தெரியும்.

வண்டியை நிறுத்தினார். நேராக நடந்து வந்தார். கைகள் இரண்டும் முழங்கை வரைக்கும் பழுப்பு.

“என்னங்க இது?”

“கழுவிட்டேன், போக மாட்டேங்குது. ஆறு மணிக்குக் கை ஒரு எடத்துல இருக்க மாட்டேன்னுச்சு செல்வி. வழக்கம் போலக் கலரை வாங்கிட்டேன். தொறந்தும்புட்டேன். வாய்கிட்ட கொண்டு போனப்ப டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்துச்சு. சேது வண்டி துருப்பிடிச்சுப் போயி வாசல்ல நின்னுச்சு. அம்புட்டையும் அதுல ஊத்தித் தேய்ச்சேன். சைலன்ஸரு, கிராஷ்கார்டு கம்பி, ஹேண்டில்பாரு, ஒண்ணு விடல. நடுக்கம் நிக்கிற வரைக்கும் தேய்ச்சேன். நின்னுருச்சு.”

சொல்லிவிட்டு வாசற்படிக்கு வெளியே, எப்போதும் நிற்கிற அதே இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“பல்லு தேய்க்கல” என்றார். “பரவாயில்லையா?”

தலையாட்டினேன். ஊதினார்.

கல்யாணமான நாளிலிருந்து சாயங்காலம் இந்த மனுஷன் பக்கத்தில் வந்தால் பிராந்தி அடிக்கும். அப்புறம் இத்தனை வருஷம் பேஸ்ட் அடித்தது. அன்றைக்கு எதுவும் அடிக்கவில்லை. லேசான பசி, நாலு மணிக்குக் குடித்த டீ, கொஞ்சம் சூடு. வெறும் மூச்சு. என் புருஷனுடைய மூச்சுக்கு இதுதான் வாசனை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“இன்னொருக்கா ஊதுங்க.”

அவர் முகம் சுருங்கியது. “ஏன்டி, சந்தேகமா இருக்கா?”

“இல்லங்க” என்றேன். “சும்மா ஊதுங்க.”